முகூர்த்த நாளில் போகாதீர்கள்: பட்டாளத்தார் கொட்டகை பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே பிரியாணி கிடையாது. மிலிட்டரி ஓட்டல் என்றால் கறிச்சோறு என்று ஆகிப்போன ஊர் நம்முடையது. அதனால் ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகிற ரோட்டில் காரில் வருகிறவர்கள் போர்டில் 'மிலிட்டரி' என்பதை மட்டும் பார்த்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி இறங்கி, "மட்டன் இருக்காண்ணே?" என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. போர்டில் இருந்த மற்ற எழுத்தையெல்லாம் 2018 நவம்பரில் கஜா புயல் கொண்டுபோய்விட்டது. உள்ளே இருக்கிற பெரியவர்கள் கொஞ்ச நாள் கோபப்பட்டுப் பார்த்தார்கள், இப்போது "மட்டன் தீந்துடுச்சு தம்பி, டீ இருக்கு, உக்காருங்க" என்று பழகிவிட்டார்கள். உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

இது முன்னாள் ராணுவத்தினர் கூடுகிற மன்றம். ஊர்ப் பெயரும் மன்றத்தின் முழுப் பெயரும் வேண்டாம், ஏனென்றால் கீழே நாலு குறை சொல்லப் போகிறேன், அப்பா மறுபடியும் அங்கே போய் உட்கார வேண்டியவர். இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பட்டாளத்தார் கொட்டகை என்றாலே தெரிந்துவிடும். கீற்று போய், ஆஸ்பெஸ்டாஸ் வந்து, அதுவும் போய்க் கான்கிரீட் போட்டாயிற்று. கொட்டகை என்ற பெயர் மட்டும் போகவில்லை.

நான் போக ஆரம்பித்ததற்குக் காரணம் அப்பாவின் முழங்கால். ரிட்டயர்டு ஹவில்தார், ஏ.எஸ்.சி-யில், அதாவது பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோகிற பிரிவில், டிரைவர். ஆபரேஷனுக்கு அப்புறம் சைக்கிளைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், செவ்வாயும் சனியும் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கூட்டிவருவது என் வேலையாகிவிட்டது. நடுவில் வீட்டுக்கு வந்து திரும்பப் போனால் பெட்ரோல் தண்டம் என்று அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து பழகிவிட்டேன். ஆக, ஒன்றரை வருஷம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தவள் எழுதுகிற விமர்சனம் இது.

வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே சுவரில் நீலப் பெயின்டில் "செருப்பும் ரேங்கும் வெளியே" என்று எழுதியிருக்கும். படித்ததும் சிரித்துவிட்டேன். அப்பாதான் விளக்கினார். பட்டாளத்தில் ஆபீசருக்கு ஒரு மெஸ், சுபேதார் மாதிரி நடு ரேங்க்கில் இருக்கிற ஜே.சி.ஓ-வுக்கு ஒரு மெஸ், ஜவானுக்கு லங்கர் என்கிற பொதுச் சமையல்கூடம். ஒருவர் இடத்தில் இன்னொருவர் போய்ச் சாதாரணமாக உட்கார்ந்துவிட முடியாது. இங்கே ஹானரரி கேப்டனாக ரிட்டயர் ஆனவரும், பதினைந்து வருஷம் முடித்துச் சிப்பாயாகவே வந்துவிட்டவரும் ஒரே பெஞ்சில். அதற்காக எல்லாம் மறந்துவிடும் என்றில்லை, கேப்டன் உள்ளே வந்தால் நாலு முதுகு தானாக நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வாசகம் செயலாளர் சுபேதார் மாமாவின் சொந்தச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டதற்கு நோட்டீஸ் போர்டு கண்ணாடிக்குள் செருகியிருந்த ஒரு போஸ்ட் கார்டைக் காட்டினார், வெளிநாட்டில் படிக்கிற பேத்தி அனுப்பியதாம். பெல்ஜியத்தில் போப்பரிங்கே என்று ஒரு சின்ன ஊர். முதல் உலகப் போரில் ஈப்ர போர்முனைக்குப் பின்னால், பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஓய்வுக்கு வந்து போன இடம். 1915 டிசம்பரில் பிலிப் கிளேட்டன் என்ற பட்டாளத்துப் பாதிரியார், எல்லாரும் 'டப்பி' என்று கூப்பிடுவார்களாம், அங்கே ஒரு வியாபாரியின் வீட்டை வாடகைக்குப் பிடித்து, எந்த ரேங்க் ஆளும் வந்து உட்காரலாம் என்று திறந்துவிட்டார். அதே வருஷம் ஜூலையில் போரில் செத்துப்போன கில்பர்ட் டால்பட் என்ற இளம் லெப்டினன்ட் பெயரில் டால்பட் ஹவுஸ். உள்ளே நுழைகிறவர்கள் ரேங்கைக் கைவிட்டுவிட்டு வரவும் என்று அங்கேயும் எழுதி வைத்திருந்தார்கள். சுபேதார் மாமா சரக்கைச் சுட்டது அங்கேயிருந்துதான், அவரே ஒத்துக்கொண்டார்.

அந்த வீட்டைப் பற்றிய ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நூலகத்தில் புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் சிப்பாய் தன் தொப்பியை அடகு வைக்க வேண்டும். தொப்பி இல்லாமல் வெளியே போனால் மிலிட்டரி போலீஸ் பிடித்துவிடும், ஆகவே புத்தகம் திரும்பி வந்தே தீரும். அந்த வீடு இன்றும் இருக்கிறது, மியூசியமாக, தங்கும் விடுதியாக. நம்ம கொட்டகையிலும் ஒரு புத்தக பீரோ இருக்கிறது. சாவி கஜா சமயத்தில் தொலைந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் புத்தகங்களின் முதுகு தெரியும், அவ்வளவுதான் வாசிப்பு. ஒரு பூட்டுக்காரரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிஷ வேலை, மீட்டிங்கில் மூன்று தடவை தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முதல் போர் முடிந்த கையோடு 1919-ல் இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டு வந்தது, அதுதான் பெயர் மாறி மாறி 1975-ல் கேந்திரிய சைனிக் போர்டு ஆனது, அதன் கீழ்க்கிளைதான் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம். 1948-ல் கேன்டீனுக்கென்றே சி.எஸ்.டி. என்ற துறையை வைத்தார்கள். 1949-லிருந்து டிசம்பர் 7 கொடிநாள், பள்ளிக்கூடத்தில் உண்டியலும் ஸ்டிக்கரும் வருமே, அது. வைத்தியத்துக்கு 2003-லிருந்து ஈ.சி.எச்.எஸ். எல்லாம் உண்டு. சுபேதார் மாமா சொல்வது வேறு: "ஆபீஸ்ல அப்ளிகேஷன் குடுப்பான், கேன்டீன்ல சோப்பு குடுப்பான், ஆஸ்பத்திரில மாத்திரை குடுப்பான். எல்லா இடத்துலயும் வாங்கிக்கிட்டுக் கிளம்பணும். உக்காருன்னு எவன் சொல்றான்?"

இந்தக் கொட்டகை அதற்காகத்தான் வந்தது. யூனிட்டில் இருந்தவரை மனோரஞ்சன் ரூம் என்று ஒன்று இருக்கும், கேரம் போர்டு, ரேடியோ, பழைய பேப்பர், சாயங்காலமானால் அங்கே கால் தானாகப் போகும். ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தால் டீக்கடைதான். டீக்கடையில் என்ன கஷ்டம் என்று அப்பாவிடம் கேட்டேன். "போனதும் ஒருத்தன் கேப்பான், பாகிஸ்தான்காரன எத்தன பேரச் சுட்டீங்கன்னு. நான் லடாக்ல லே ரோட்ல உருளைக்கிழங்கு மூட்டை ஏத்திக்கிட்டுப் போனவன். அதச் சொன்னா சிரிக்கிறான்" என்றார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் ஐஸ், அதில் உருளைக்கிழங்கு லாரி ஓட்டுவது என்ன வேலை என்று அங்கே ஓட்டினவனுக்கோ, அந்த உருளைக்கிழங்குக்காக மேலே காத்துக்கொண்டிருந்தவனுக்கோதான் தெரியும். கொட்டகையில் அப்படி மேலே காத்துக்கொண்டிருந்தவர் ஒருவர் இருக்கிறார். அப்பாவை அவர் கூப்பிடுவதே "ஆலூ சாப்" என்றுதான். இருபத்தைந்து வருஷமாக இதே ஜோக், இருபத்தைந்து வருஷமாக அப்பா சிரிக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை ஹிந்தி பேசி நான் கேட்டதில்லை, அங்கே போனால் திட்டுவது முழுக்க ஹிந்தியில்தான்.

எண்பதுகளில் ஒரு ரிட்டயர்டு சுபேதாரின் தென்னந்தோப்பு ஓரத்தில் நாலு மூங்கில் நட்டுக் கீற்று வேய்ந்ததில் ஆரம்பித்ததாம். சந்தா பணமாகக் கிடையாது. குறுவை அறுப்புக்கு ஆளுக்கு ஒரு மூட்டை நெல், சம்பாவுக்கு ஒரு மூட்டை. நிலம் இல்லாதவர்கள் அதற்குப் பதில் கீற்று முடைந்து கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் இரண்டு வருஷம் பெஞ்சு செய்து கொடுத்தே கணக்கைத் தீர்த்திருக்கிறார். அந்த நெல் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது, பீரோவுக்கு வெளியே இருந்ததால் தப்பித்தது. அதன் பக்கத்தில் இருக்கிற இன்னொரு நோட்டு லீவு ரெஜிஸ்டர். லீவில் வருகிற பையன்கள் முதல் வாரமே வந்து பெயர், நம்பர், யூனிட், திரும்புகிற தேதி எழுத வேண்டும். வருஷ லீவு 60 நாள், அதில் கல்யாணம், வீடு கட்டுவது, நடவு, அறுப்பு, அம்மா ஆபரேஷன் எல்லாம் முடிய வேண்டும். திரும்புகிற தேதிக்கு முந்தின நாள் யாராவது ஒருவர் அந்தப் பையன் வீட்டுக்குப் போய் டிக்கெட் கன்பர்ம் ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டு வருவார். இப்போது மன்னார்குடியிலிருந்தே ஜோத்பூர் பக்கம் பகத் கி கோட்டிக்கு வாரம் ஒரு ரயில் போகிறது. அப்பா காலத்தில் மீட்டர் கேஜ், எழும்பூரில் இறங்கி, கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய், பட்டாளத்தாரின் ரயில் பயணத்தைக் கவனிக்கிற எம்.சி.ஓ. ஆபீஸ் வாசலில் இராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். பழைய ரெஜிஸ்டரில் சில பெயர்களுக்கு நேரே 'வழியனுப்பியாச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. போர்வெல் போட்டவர்கள் தவிர மற்றவர்களுக்குக் குறுவை இல்லை, குறுவை இல்லையென்றால் மூட்டையும் இல்லை. பணமாகக் கொடுங்கள் என்று மாற்றினார்கள், நெல்லாக மூட்டை கொடுத்த கை பணமாகக் கேட்டால் ஏனோ சுருங்கிவிடுகிறது. அந்தக் கஷ்டத்திலேயே கஜா வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் முழுக்கப் போயிற்று, தோப்பில் மிச்சம் நின்ற தென்னைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கு இந்தப் பெரியவர்கள் செய்த வேலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. விடிந்ததும் ஒருவர் விசில் அடித்திருக்கிறார், சும்மாத்தான், பழக்கதோஷம். அறுபது தாண்டினவர்கள் எல்லாம் கோடாலியும் ரம்பமுமாக ஃபால் இன் ஆகி, மதியத்துக்குள் மெயின் ரோடு வரைக்கும் விழுந்து கிடந்த மரத்தை அறுத்துத் தள்ளி வழி விட்டுவிட்டார்கள். தெருவில் இருந்த பையன்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள் என்று அம்மா சொல்வாள்.

மறுபடி கட்டப் பணம் வேண்டுமே. கடன் வாங்கிக் கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, பாதி ஹாலுக்கு ஏ.சி. மாட்டி, விசேஷங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், கடனை வேறு எப்படி அடைப்பது? ஆனால் இதன் பலன் என்னவென்றால், முகூர்த்த நாளில் அங்கே பட்டாளத்தாருக்கு இடமில்லை. போன தையில் ஒரு சனிக்கிழமை தெரியாமல் அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். உள்ளே காதுகுத்து. கேரம் போர்டு, பெஞ்சு, ரேடியோ எல்லாம் பின்பக்கம் புளியமரத்தடியில். முன்னால் இருந்த ஷட்டில் கோர்ட்டில் யாரோ நெல் காயப்போட்டிருக்க, ஏழெட்டுப் பேர் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில், காது பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர். அப்பா ரெட் போட்டுவிட்டு ஃபாலோ போடக் குறி பார்த்துக்கொண்டிருக்கிறார், ஸ்பீக்கர் அதிர்ச்சியில் காய் தானாக நகர்கிறது. அன்று பந்தியில் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒருவரும் போகவில்லை.

இரண்டாவது குறை பெரிது. பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கென்று மண்டபப் பக்கம் ஒன்று கட்டியிருக்கிறார்கள், வாடகை நாள் தவிர மற்ற நாளில் அதற்குப் பூட்டு. நான் அரை லிட்டர் தண்ணீரோடு சமாளித்துக்கொள்வேன், கேள்வி என்னைப் பற்றியது இல்லை. புதன்கிழமை போய்ப் பாருங்கள். வீட்டுக்காரர் இறந்துபோன பெண்கள், எழுபது எண்பது வயசுக்காரர்கள், பேராவூரணியிலிருந்தெல்லாம் பஸ் மாறி மாறி வருகிறார்கள். ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் போர்ட்டலில் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும், குடும்ப பென்ஷனில் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் திருத்த வேண்டும், கல்யாணம், குழந்தை எல்லாம் பதிவாகிற பார்ட் டூ ஆர்டரில் இவர்கள் பெயரே ஏறாமல் இருந்தால் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். ஒரு அம்மாவுக்குப் பட்டாளத்து ரெக்கார்டில் லெட்சுமி, ஆதாரில் லக்ஷ்மி. மூன்று மணி நேரம் திண்ணையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. "உள்ள வந்து உக்காருங்கத்தை" என்று நான்தான் கூட்டிப்போனேன், போனதும் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ கர்னல் வந்ததுபோல எழுந்துவிட்டார்கள். கெட்ட மனசு யாருக்கும் இல்லை. அவர்களுக்கும் உட்கார இடம் வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். சுபேதார் மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், அந்தப் பூட்டுச் சாவியை டீ மாஸ்டரிடம் கொடுத்து வையுங்கள், கட்டக்கூட வேண்டாம்.

அந்தப் புதன்கிழமை வேலையைச் செய்கிற பெண் ஒரு ரிட்டயர்டு நாயக்கின் மகள், பி.காம். முடித்தவள், லேப்டாப்பும் கைரேகை மெஷினும் சொந்தமாகக் கொண்டுவருகிறாள். அவளுக்காகவே இந்த இடத்துக்கு ஒரு ஸ்டார் கூட்டிப் போடலாம். வெளியே பிரவுசிங் சென்டர் ஒன்றில் இதே வேலைக்கு அப்பாவிடம் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, பிறந்த தேதியையும் தப்பாக அடித்துக் கொடுத்தார்கள், அதைச் சரி செய்ததும் இவள்தான்.

டீயைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. டிகிரி காபி பேசுகிற தஞ்சாவூர் ஜில்லாவில் இவர்கள் பிடிவாதமாக டீதான். போடுகிறவர் பட்டாளத்தில் லாங்கரியாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர், நாற்பது பேருக்குக் குறைந்து அவருக்கு அளவு தெரியாது என்று கிண்டல் செய்வார்கள். பெரிய அலுமினியப் போசியில் தண்ணீரும் பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாகப் போட்டு, கல்லில் தட்டிய இஞ்சியை நாருடனேயே எறிந்து, மூன்று தடவை பொங்கவிட்டு மூன்று தடவை இறக்குவார். எனாமல் மக்கில்தான் வரும், விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுப்புத் தெரியும் மக். பிஸ்கட் கேட்டால் "சக்கர்பாரா இருக்கு" என்பார், அதாவது நம்ம மைதா கலகலாதான். காசு ஹார்லிக்ஸ் டப்பாவில் நாமே போட வேண்டும், பத்து ரூபாய், யாரும் பார்ப்பதில்லை. திடீரென்று தலைக்கு மேலே சுகோய் போகும், தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து ஒரு ஸ்குவாட்ரன் நிற்கிறதே, அது. அந்தச் சத்தத்துக்கு மட்டும் எல்லா மக்கும் பாதியில் நிற்கும், எல்லாரும் மேலே பார்ப்பார்கள், காதே கேட்காத ஒருவர்கூட. அது போனபிறகு "டர்ன் அடிச்சுட்டான்" என்று யாராவது சொல்லிவிட்டு மறுபடி ஆட்டம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அப்பாவைக் கேட்டால் ஆறு என்பார், அம்மாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

போகிறவர்களுக்கு: லீவில் வந்திருக்கிற பையன்கள், ரிட்டயர் ஆனவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் யார் வேண்டுமானாலும் போகலாம், மெம்பர் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. காலை பத்திலிருந்து ஒன்று, சாயங்காலம் நாலிலிருந்து ஏழரை. காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பென்ஷன் வேலை என்றால் புதன்கிழமை, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆர்டர் நகல், ஆதார், ஓ.டி.பி. வருகிற போன் மூன்றும் கையில் இருக்கட்டும், போனை மகன் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விட்டான் என்று அங்கே போய்ச் சொல்லாதீர்கள், வாரத்துக்கு இரண்டு பேர் அப்படித் திரும்பிப் போகிறார்கள். கேன்டீன் சாமான் கிடைக்காது, ரம் கிடைக்காது, கேட்காதீர்கள், கேட்டால் கேப்டன் லெக்சர் ஆரம்பித்துவிடுவார். சுகர் இருப்பவர்கள் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று உள்ளே நுழையும்போதே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சத்தமாகச் சொல்லிவிடுங்கள், போசி அடுப்பில் ஏறிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.